கண்ணா, கைரேகையா, மரபணுவா: சவக்கிடங்கு வாசலில் எடுக்க வேண்டிய முடிவு

ஆற்றோரத்திலோ செம்பனைக் காட்டுக்குள்ளோ ஓர் உடல் கிடக்கிறது, உங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம், வந்து பாருங்கள் என்று போலீஸ் கூப்பிட்டால், போகிற குடும்பத்துக்கு நான்கு வழிகள் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்வது, கைரேகை, பல், மரபணு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இறுதிச் சடங்கு வேலைகளுக்குக் கூடமாட நிற்கிறவன் நான். இப்படி அழைப்பு வந்த வீட்டாரோடு பாலாய்க்கும் (போலீஸ் நிலையம்) மருத்துவமனைக்கும் போயிருக்கிறேன். பெரும்பாலான குடும்பங்கள் முதல் வழியிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. உடல் சிதைந்திருந்தால் அந்த வழி வேண்டவே வேண்டாம் என்பேன். முதலில் ரேகையைக் கேளுங்கள். அது முடியாதபோது மரபணுவுக்குப் போங்கள். போகும்போது சரியான ஆளின் மாதிரியைக் கொடுங்கள். விடை வரும்வரை எரிக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நாளிலேயே உடல் அடையாளம் மாறிவிடும். முகம் உப்பிக் கறுக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கும், ஒல்லியானவர் பருத்தவராகத் தெரிவார். சிவப்பா கறுப்பா என்று நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தண்ணீரில் கிடந்திருந்தால் இன்னும் மோசம். அந்த முகத்தைக் குடும்பத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சில விநாடிதான் பார்க்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது முகத்தை அல்ல. சட்டை, பெல்ட், மோதிரம், கையில் கட்டிய கயிறு இவற்றைத்தான் பார்க்கிறார். தோட்டத்தில் கொடுத்த சட்டை அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோரிடமும் இருக்கிறது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய டி-சட்டைக்கும் அதே கதைதான். தைப்பூசம் முடிந்த மாதத்தில் பாதி ஊர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கும். பச்சை குத்தியிருந்தால் கொஞ்சம் மேல், ஆனால் ஒரே கடையில் ஒரே வேல் படத்தைக் குத்திக்கொண்ட நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இண்டர்போல் வகுத்த நெறிமுறையில் ரேகை, பல், மரபணு ஆகிய மூன்றும் முதன்மைச் சான்றுகள். பச்சை, தழும்பு, உடை, நகை எல்லாம் துணைச் சான்றுகள்தான். 2014 ஜூலை 17-இல் உக்ரேன் வானில் மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது 298 பேர் இறந்தார்கள், அவர்களில் 43 பேர் மலேசியர்கள். உடல்களை நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகருக்குக் கொண்டுபோய் இந்த முறையில்தான் ஒவ்வொருவராக உறுதி செய்தார்கள். நம்மவர்களின் முதல் தொகுதி உடல்கள் ஆகஸ்ட் 22-ஆம் தேதிதான் நாடு வந்து சேர்ந்தன. அந்தக் குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தன. பேரிடர் என்றால் இந்தக் கண்டிப்பு, ஆற்றில் ஒற்றை ஆளாகக் கிடந்தவருக்கு ஒரு சட்டையும் ஒரு கையெழுத்தும் போதும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கண் தவறுவது இரண்டு பக்கமும் நடக்கும். தேடித் தேடி அலுத்துப்போன அண்ணன் "அவன்தான்" என்று சொல்லிவிடுவார். பெற்றவளோ, தன் பிள்ளையாகவே இருந்தாலும் "இல்லை" என்பாள். "ஆமாம்" என்பது தவறாகிவிட்டால் கெடுவது ஒரு குடும்பம் மட்டுமல்ல. உண்மையில் காணாமல் போன நம் ஆளின் கோப்பு மூடப்படும், அவரை இனி யாரும் தேட மாட்டார்கள். நாம் எரித்துவிட்ட அந்த மனிதரின் வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். இறப்புச் சான்றிதழை வைத்து ஊழியர் சேமநிதியும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவும் கொடுத்த பணம் ஒருநாள் பிரச்சினையாகத் திரும்பி வரும். மறுபக்கம் "இல்லை" என்பது தவறானால், 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளும் விதிக்காக அந்த மனைவி காத்துக் கிடக்க வேண்டும்.

ஒரு முறை சவக்கிடங்கு வாசல் பெஞ்சில் ஓர் இளைஞன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, சட்டை தம்பியோடதுதான். கையெழுத்துப் போட்டா நாளைக்கே எடுத்துக்கலாம்."

"ரேகை எடுத்தாச்சான்னு கேட்டியா தம்பி?"

கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ் சார்ஜனிடம் "சாப் ஜாரி சூடா அம்பில், என்சிக்?" என்று, ரேகை எடுத்தாயிற்றா என மலாயில் கேட்டேன். எடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை என்றார். காத்திருந்தார்கள், வந்தது, அது தம்பிதான். சட்டை சொன்னதும் ரேகை சொன்னதும் ஒன்றே. ஆனால் வீட்டில் இருந்த அம்மா அழுதது ரேகை வந்த பிறகுதான். அதுவரை "எம்புள்ள எங்கியோ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகம் இல்லாத ஒரு பதில் துக்கப்படுகிற வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மலேசியக் குடிமக்களுக்கு ரேகையே முதல் வழி என்று நான் சொல்வதற்குக் காரணம் எளியது. 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்கும்போதே இரண்டு கட்டைவிரல் ரேகையும் தேசியப் பதிவிலாகாவில் பதிவாகிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது ஏற்கெனவே அரசாங்கத்திடம் இருக்கிறது. குடும்பம் எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை, இரத்தமோ எச்சிலோ கொடுக்க வேண்டியதில்லை, ஆய்வகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுமில்லை. தண்ணீரில் ஊறி விரல்தோல் கழன்று வந்தாலும் நம்பிக்கை போகாது. கழன்ற தோலை ரேகை எடுக்கிறவர் கையுறை போட்ட தன் விரலிலேயே மாட்டிக்கொண்டு மை தொட்டு எடுப்பதுண்டு. சுருங்கிப்போன விரல் நுனிக்குள் நீர்மம் செலுத்தி உப்ப வைத்தும் எடுப்பார்கள். ஆனால் ஐசி பதிவில் இருப்பது கட்டைவிரல்கள்தான். அந்த இரண்டும் போயிருந்தால், முன்பு போலீசில் பத்து விரலும் பதிந்தவராக இருந்தால் தவிர, மற்ற எட்டு விரல் இருந்தும் ஒப்பிடப் பதிவில்லை.

ஐசியே இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதியாமல் விட்டு, பிறப்பையும் பதியாமல் விட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் காட்டில் இறந்து கிடந்தால் ரேகை யாரிடமும் இல்லை. அவருக்குப் பெரும்பாலும் மரபணுதான் வழி.

பல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெருப்பிலும் தாங்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் இறந்தவர் உயிரோடு இருந்தபோது எடுத்த பற்குறிப்போ எக்ஸ்ரேயோ வேண்டும். பள்ளிக்கூடத்தில் பல் நர்ஸ் பார்த்ததோடு சரி என்று இருக்கும் தோட்டத்து ஆளுக்கு அது கிடைப்பது அரிது. தனியார் பல் மருத்துவரிடம் கம்பி போட்டவர், பல் கட்டியவர் என்றால் அந்த கிளினிக்கின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். தங்கப் பல் சிரிப்பில் தெரியும் ஒரு பழைய புகைப்படமும் உதவும், துணைச் சான்றாக.

இனி மரபணு, அதாவது டிஎன்ஏ. கொலைகாரனைப் பிடிக்கிற கருவியாகத்தான் இதை நம் மக்கள் அறிவார்கள். 2000-இல் கிள்ளான் பேருந்தில் ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கில் ஓட்டுநரைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோனது பெரிதும் டிஎன்ஏ சான்றுதான். ஆனால் 1984-இல் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டறிந்த இந்த முறை, கொலை வழக்குக்குப் போகும் முன்பே உறவை நிரூபிக்கத்தான் பயன்பட்டது. கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் தன் தாய்க்குப் பிறந்த மகன்தான் என்று 1985-இல் குடிநுழைவு அதிகாரிகளுக்குக் காட்டியது அது. நம் சவக்கிடங்கு வாசலில் நடப்பதும் உறவைப் பார்க்கிற அதே வேலைதான்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், யாருடைய மாதிரியைக் கொடுப்பது என்பதும் விளங்கும். நம் டிஎன்ஏவில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓரிடத்தில் ஒருவருக்கு 11, 14 என்று இருந்தால், ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. இப்படிப் பல இடங்களை எண்ணிப் பார்க்கிறார்கள். இப்போதைய முறைகளில் இருபது இடத்துக்கும் மேல். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஒவ்வோரிடத்திலும் ஓர் எண்ணாவது ஒத்துப்போக வேண்டும். மிக அரிதாக ஓரிடத்தில் மாற்றம் நேர்ந்திருக்கும், அதற்கும் கணக்கு உண்டு.

ஆகவே தாயும் தகப்பனும் இருந்தால் இருவருமே கொடுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை. ஒருவர்தான் என்றால் தாய். தாய்வழியாக மட்டும் வரும் இன்னொரு வகை டிஎன்ஏவும் உண்டு. அது ஒவ்வொரு உயிரணுவிலும் நிறையப் பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் வேரில்லாத முடியிலும் கூடக் கிடைக்கலாம், தாயின் மாதிரி அதற்கும் உதவும். தகப்பன் மாதிரியில் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டுக்குள் யாருக்கும் சொல்லாத பிறப்பு ரகசியம் ஏதாவது இருந்தால் அது ஆய்வகத்தில் வெளியே வந்துவிடும். பிள்ளையைத் தத்து எடுத்தவர்களும் தாத்தா பாட்டி பெயரில் பதிந்தவர்களும் தோட்டத்தில் நிறைய. அப்படி இருந்தால் விசாரணை அதிகாரியைத் தனியே அழைத்து முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் கொடுத்தால் நம் ஆளையே "இவர் இல்லை" என்று விட்டுவிட்டு வர நேரும்.

அண்ணன் தம்பி மாதிரியை நம்பி எல்லோரும் போகிறார்கள், இளைஞர்கள்தானே காரில் உடன் வருகிறார்கள். ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். சில இடங்களில் இருவருக்கும் ஓர் எண்கூட ஒத்துப்போகாது. ஒரே ஓர் உடன்பிறப்பை வைத்துப் பார்க்கும்போது "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று முடிவு வரலாம். இரண்டு மூன்று பேர் கொடுத்தால் நிலைமை தேறும். ஆண்வழி ஒய் குரோமோசோமைப் பார்க்கலாமே என்றால், அது அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன் எல்லோருக்கும் பொதுவானது. இன்ன வம்சம் என்று காட்டும், இன்ன ஆள் என்று காட்டாது.

மனைவி மட்டும் போய் மாதிரி கொடுத்துவிட்டு வருவதும் உண்டு. கணவனை அடையாளம் காண அது தனியாக உதவாது. பிள்ளையின் மாதிரியோடு சேர்ந்தால் நன்றாக உதவும், பிள்ளையின் இரண்டு எண்களில் தாயுடையதை ஒதுக்கினால் மிச்சம் தகப்பனுடையது. நம்மவர்கள் இங்கே மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டியவர் என்றால் ஆய்வகத்துக்கு அது தெரிய வேண்டும். சொந்தத்துக்குள் கட்டினால் எண்கள் இயல்பாகவே அதிகம் ஒத்துப்போகும். அவர்கள் போடும் நிகழ்தகவுக் கணக்கு அதற்கேற்ப மாற வேண்டும்.

மாதிரி கொடுப்பதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. வெற்றிலை போடும் ஒரு பாட்டியை அழைத்துப் போனபோது பார்த்தேன். வாயில் இருந்ததைத் துப்பச் சொல்லி, தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வைத்து, சிறிது நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தார்கள், ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். "அவ்வளவுதானா?" என்று பாட்டி கேட்டார். குச்சியைக் காயவிட்டுக் காகித உறைக்குள் வைத்து, ஐசியைப் பார்த்துப் பெயரெழுதி, ஒட்டி, ஒட்டிய இடத்துக்கு மேலேயே கையெழுத்து வாங்கினார்கள். காகித உறை என்பதைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் கிருமி பெருகி டிஎன்ஏவைத் தின்றுவிடும்.

அந்தக் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிரிட்டனில் டிஎன்ஏவால் முதன்முதலில் பிடிபட்ட கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க், ஊர் ஆண்கள் எல்லோரும் இரத்தம் கொடுத்தபோது தன் பெயரில் சக ஊழியர் ஒருவரை அனுப்பித் தப்பப் பார்த்தான். அந்த ஊழியர் மதுக்கடையில் வாய்விட்டதால்தான் குட்டு வெளிப்பட்டது, 1988-இல் தண்டனை கிடைத்தது. நம் நாட்டில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிமின் இரண்டாவது ஓரினப் புணர்ச்சி வழக்கில், மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அலுவலக அலமாரியில் வைத்திருந்தது பெரிய வாதமானது. மாதிரிகளின் நம்பகத்தன்மை கெடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது எனக் கூறி 2012 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அதை மாற்றியது, கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தண்டனையை உறுதி செய்தது, 2018-இல் அரச மன்னிப்பு வந்தது. அரசியலை விட்டுவிடுங்கள். ஒரே ஆய்வக அறிக்கையை வைத்து நீதிமன்றங்கள் வேறு வேறு முடிவுக்கு வந்தன என்பதைப் பாருங்கள். வாதம் முழுவதும் அந்தக் குச்சி எங்கே, எப்படி, யார் கையில் இருந்தது என்பதைப் பற்றியது.

எனவே, "ஆன்லைனில் டெஸ்ட் கிட் வாங்கி நாமே அனுப்பிவிடலாம், சீக்கிரம் வரும்" என்கிற வழியை இந்தக் காரியத்துக்கு நான் ஏற்க மாட்டேன். வீட்டில் நாமே துடைத்து அஞ்சலில் போட்ட குச்சி யாருடையது என்பதற்குச் சாட்சி இல்லை. மனச் சமாதானத்துக்கு அது ஆகும். இறப்புப் பதிவுக்கோ நீதிமன்றத்துக்கோ ஆகாது. போலீஸ் மூலம் எடுத்து, முத்திரையிட்டு, ரசாயன இலாகாவுக்குப் போகிற பாதை மெதுவானதுதான், பலமுறை ஃபோன் போட வேண்டியிருக்கும், ஆனால் அதன் அறிக்கை நிற்கும்.

காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பதினாறாம் நாள் கருமாதி, சொந்தக்காரர் வாய், தீட்டு நேரத்தில் வீட்டில் விளக்கேற்றலாமா என்ற கேள்வி, எல்லாம் குடும்பத்தை நெருக்கும். பண்டாரமே "சீக்கிரம் எடுத்துடுங்க" என்பார். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடையாளத்தில் சந்தேகம் இருக்கும்போதே மின்சுடலைக்குக் கொண்டுபோனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அந்த வெப்பத்தில் வெளிவரும் எலும்பிலிருந்து பயன்படக்கூடிய டிஎன்ஏவை எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். 2010-இல் பந்திங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் தொழிலதிபர் சோசிலாவதியும் மற்ற மூவரும் கொல்லப்பட்ட வழக்கில், உடல்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். கொலைகாரர்களே இதை அறிந்து செய்கிறார்கள். சூழ்நிலைச் சான்றுகளைக் கோத்துத்தான் நீதிமன்றம் அங்கே தண்டிக்க முடிந்தது.

புதைத்தால் கதவு திறந்தே இருக்கும். எலும்பிலும் கடைவாய்ப் பல்லிலும் டிஎன்ஏ ஆண்டுக்கணக்கில் தங்கும், தேவைப்பட்டால் நீதிமன்ற உத்தரவோடு தோண்டி எடுக்கலாம். எங்கள் தோட்டங்களில் ஒரு காலத்தில் எல்லோரையும் புதைத்தார்கள், இடுகாடுகள் இன்றும் இருக்கின்றன. "எங்க வீட்டுல எரிக்கிறதுதான் வழக்கம்" என்பவர்களிடம் வற்புறுத்த மாட்டேன். பதிலாக, முடிவு வரும்வரை உடல் மருத்துவமனையிலேயே இருக்கட்டும் என்பேன். உடலே கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை முடிக்கும் முறை நம் சமயத்தில் உண்டு, ஆகவே காத்திருப்பதற்குச் சாத்திரம் தடை இல்லை. இன்னொன்று, உடலைப் பதப்படுத்த அடிக்கும் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். மாதிரி எடுத்தாயிற்றா என்று கேட்காமல் சவச்சேவைக்காரரிடம் ஒப்படைக்காதீர்கள்.

மரபணு முடிவு ஆள் யார் என்று சொல்லும். எப்படி இறந்தார் என்று சொல்லாது. விழுந்தாரா, அடித்தார்களா என்பது சவப் பரிசோதனையின் வேலை. 2009-இல் போலீஸ் காவலில் இறந்த குகனுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது சவப் பரிசோதனை நடந்தது. முதல் அறிக்கையில் இல்லாத காயங்கள் அதில் வந்தன. உடல் இருந்ததால்தான் இரண்டாவது முறை பார்க்க முடிந்தது. சாவில் சந்தேகம் உள்ளவர்கள், அடையாளம் உறுதியான பிறகும், எரிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இந்த முடிவுகளை எல்லாம் சவக்கிடங்கு வாசலில் எடுக்கும்படி விட்டுவிடாமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு டிஎன்ஏ அடையாளச் சட்டத்தின் கீழ் போலீஸ் வைத்திருக்கும் தரவு வங்கியில், குற்றவாளிகளின் பட்டியலோடு காணாமல் போனோருக்கென்றும் ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிற அன்றே அதைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். அவருடைய அறையைப் பெருக்கித் துடைத்து வைக்காதீர்கள். பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, தலைவாரும் சீப்பு மூன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள். சீப்பை மற்றவர் எடுத்து வாரியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தாய்க்கு வயது முதிர்ந்திருந்தால், அவர் இருக்கும்போதே மாதிரியைக் கொடுக்க முடியுமா என்று எழுத்து மூலம் கேளுங்கள், புகார் எண்ணோடு. ஓராண்டு கழித்து வேறு மாநிலத்தில், வேறு ஆற்றில், அடையாளம் தெரியாத எலும்புகள் கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குச்சி அங்கே இருக்க வேண்டும்.